‘ரியர் விண்டோ’ (1954): ஜன்னலை விட்டு நகராத கேமரா பதற்றத்தை எப்படிக் கட்டுது?

மாடிவீடு

ஹிட்ச்காக்கோட ‘ரியர் விண்டோ’வை ஷாட் ஷாட்டா நிறுத்திப் பார்த்துக்கிட்டிருக்கேன். கிட்டத்தட்ட அதே அமைப்புல 18 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எடுத்து, ரஃப் கட் (முதல் கரடு எடிட்) வரைக்கும் வந்தாச்சு. எதிரெதிரா ரெண்டு கட்டடம், நடுவுல சுமார் 15 மீட்டர். நாயகன் தன் வீட்டு ஜன்னல்ல இருந்து எதிர்வீட்டைப் பார்க்கிறான், அங்க ஏதோ தப்பு நடந்திருக்குன்னு சந்தேகப்படுறான். கதை அவ்வளவுதான்.

பிரச்சினை என்னன்னா, எதிர்வீட்டு ஷாட்டெல்லாம் சிசிடிவி பதிவு மாதிரி இருக்கு. ஒருத்தன் பார்த்துக்கிட்டிருக்கான்கிற உணர்வே வரல. ‘ரியர் விண்டோ’ல கேமரா, கால் உடைஞ்சு வீட்டுல அடைஞ்சு கிடந்து எதிர்வீடுகளைப் பார்க்கிற புகைப்படக்காரர் ஜெஃப்ரீஸோட (சுருக்கமா ஜெஃப்) அறையை விட்டு வெளியே போகவே போகாதுன்னு பல இடத்துல படிச்சிருக்கேன். அந்தக் கட்டுப்பாடு ஒண்ணே போதுமா, இல்ல அதுக்குள்ள வேற வேலை நடக்குதா? எடிட், லென்ஸ், ஒலி, திரைக்கதைன்னு எந்தப் பக்கத்துல இருந்து சொன்னாலும் எடுத்துக்கிறேன்.

---

எடிட்மேசை

சிசிடிவி மாதிரி தெரிஞ்சா, பார்க்கிறவனோட முகம் உங்க டைம்லைன்ல குறைவா இருக்குன்னு அர்த்தம். ‘ரியர் விண்டோ’ எதிர்வீடுகளைப் பத்தின படம்னு நினைவுல நிக்குது. எடிட்டை உடைச்சுப் பார்த்தா, ஜெஃப்பா நடிச்ச ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முகம்தான் படத்தைத் தாங்குது. எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி திரும்பத் திரும்ப அடுக்குறது மூணு துண்டு: ஜெஃப் பார்க்கிறார், அவர் பார்த்தது, அதைப் பார்த்ததும் அவர் முகத்துல என்ன மாறுதுங்கிறது. நிறைய பேர் முதல் ரெண்டை வெச்சுட்டு மூணாவதை விட்டுடுறாங்க. கதை நகர்றது அந்த மூணாவது துண்டுலதான்.

ஒரே முகத்துக்குப் பக்கத்துல வேற வேற ஷாட்டை வெச்சா முகத்தோட அர்த்தமே மாறும்னு காட்டுற குலெஷோவ் சோதனையை, பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவோட நடந்த பேட்டியில ஹிட்ச்காக்கே இந்தப் படத்தோட சேர்த்துச் சொல்றார். ஸ்டூவர்ட்டோட க்ளோசப், அடுத்து கூடையில வெச்சுக் கீழே இறக்குற நாய்க்குட்டி, திரும்ப ஸ்டூவர்ட் சிரிக்கிறார். நல்ல மனுஷன்னு தோணும். நடுவுல இருக்கிற நாய்க்குட்டிக்குப் பதிலா அரைகுறை உடையில உடற்பயிற்சி செய்ற பொண்ணை வெச்சா, அதே சிரிப்பு வக்கிரமாயிடும். முகம் மாறவே இல்ல. அதனாலதான் ஸ்டூவர்ட் அவ்வளவு குறைவா நடிக்கிறார். உங்க நடிகர் ஒவ்வொரு ரியாக்‌ஷன்லயும் புருவத்தை ஏத்தி, வாயைத் திறந்தாருன்னா பார்வையாளனுக்கு யோசிக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

எடிட்ல இதைப் பாருங்க:

நடிகரோட கண் லென்ஸுக்கு மிக அருகில, ஆனா லென்ஸைத் தொடாம இருக்கணும். எந்த ஜன்னலைப் பார்க்கிறானோ அதுக்கு ஏத்தபடி கண் இடமோ வலமோ, மேலேயோ கீழேயோ மாறணும். எல்லா ரியாக்‌ஷனையும் ஒரே திசையில எடுத்து வெச்சிருந்தா, நாலு ஜன்னலும் ஒரே ஜன்னலா குழம்பிடும். ஷூட்டிங்ல எதிர்க் கட்டடத்துல ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு வண்ணத் துணியைக் கட்டி “இப்ப சிவப்பு, இப்ப மஞ்சள்”னு சொல்லி நடிகரைப் பார்க்க வைக்கலாம். சுவத்துல ஒரு புள்ளியைக் காட்டிப் பார்க்கச் சொன்னா, கண் குவியுற தூரம் க்ளோசப்ல மாட்டிக்கும். 15 மீட்டர் தள்ளிப் பார்க்கிற கண்ணும் 1 மீட்டர் தள்ளிப் பார்க்கிற கண்ணும் வேற வேற.

அவன் பார்த்த ஷாட்டை எடுக்கிறப்போ கேமரா அவன் தலை இருந்த இடத்துலயே, அவன் கண் உயரத்துலயே இருக்கணும். ஜெஃப் சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கார், அதனால உட்கார்ந்தவன் உயரம். உங்க ஆள் நின்னு பார்க்கிறான்னா நின்ன உயரம். கூரையில இருந்தோ, எதிர் பால்கனிக்கே போயோ ‘நல்ல ஆங்கிள்’ல எடுத்த ஷாட் இருந்தா தூக்கிடுங்க. சிசிடிவி வாடை அடிக்கிறதே அங்கிருந்துதான்.

கட் விழுற இடமும் முக்கியம். கண் ஒரு இடத்துல போய் நின்னதுக்கு அப்புறம் 6, 8 ஃப்ரேம் விட்டு வெட்டுங்க. கண் நகர்றதுக்கு முன்னாடியே வெட்டினா அவன் பார்க்கல, நீங்க காட்டுறீங்க. திரும்பி முகத்துக்கு வரும்போது முகத்துல எண்ணம் மாறுற வரைக்கும் பொறுங்க. மாறினதும் அடுத்த கட்.

---

பழைய ரீல்

“கேமரா அறையை விட்டு வெளியே போகவே போகாது” என்பது பாதி உண்மை. இந்தப் படத்தின் பலமே, அந்த விதியை எங்கெங்கே மீறுகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதல் மீறல் படம் தொடங்கியதுமே வந்துவிடுகிறது. ஜெஃப் தூங்குகிறார். கேமரா முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவருடைய வியர்த்த நெற்றிக்கு வந்து, 94 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் வெப்பமானியைக் காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் மாவுக்கட்டு போட்ட கால், நொறுங்கிய கேமரா, பந்தயக் காரிலிருந்து சக்கரம் கழன்று பறந்து வரும் புகைப்படம், ஒரு பெண்ணின் நெகட்டிவ், அதே முகம் அச்சான பத்திரிகை அட்டைகள். ஒரு வசனமும் இல்லாமல் அவர் யார், கால் எப்படி உடைந்தது, என்ன தொழில், எதில் சலிப்பு என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. இது ஜெஃப்பின் பார்வை இல்லை. கதை சொல்பவருக்கென்று தனியாக ஒரு கண் இருக்கிறது என்பதை ஹிட்ச்காக் ஆரம்பத்திலேயே பதிவு செய்துவிடுகிறார்.

அந்தக் கண் பிறகு ஒரு முக்கியமான நேரத்தில் வேலை செய்கிறது. மழை இரவு. எதிர்வீட்டு விற்பனையாளர் தோர்வால்ட், விற்பனை மாதிரிகள் வைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வெளியே போய் வருவதை ஜெஃப் கவனிக்கிறார். விடியும் நேரத்தில் கண் அசந்துவிடுகிறார். அப்போது தோர்வால்ட் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்ணுடன் வெளியே போவதைக் கேமரா நமக்கு மட்டும் காட்டுகிறது. ஜெஃப்புக்குத் தெரியாது. அந்த நொடியிலிருந்து நாம் ஜெஃப்போடு சேர்ந்து சந்தேகப்பட்டாலும், அவரையும் கொஞ்சம் சந்தேகிக்கிறோம். தோர்வால்ட் மனைவியைக் கொன்றுவிட்டான் என்பது ஜெஃப்பின் சந்தேகம்; ஒருவேளை அவள் உயிரோடுதான் போனாளோ? நாயகனுக்குத் தெரிந்தது, பார்வையாளனுக்குத் தெரிந்தது என்ற இரண்டு கணக்குகளும் பிரிகிற இடத்தில்தான் பதற்றம் பிறக்கிறது.

அடுத்தது அண்டை வீட்டு நாய் செத்துக் கிடக்கும் காட்சி. அதற்கு முன்பு நடப்பதைப் பாருங்கள். துப்பறியும் அதிகாரி டாய்ல் வந்து, தோர்வால்ட் வீட்டிலிருந்து போன ட்ரங்க் பெட்டியை மெரிட்ஸ்வில் ஊரில் திருமதி தோர்வால்ட் பெயரில் ஒரு பெண்ணே பெற்றுக்கொண்டாள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார். நம்பாத போலீஸ்காரர் என்பது இந்த வகைப் படங்களுக்கே உரிய பழைய உறுப்பு. ஆனால் இங்கே அவர் முட்டாள் இல்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜெஃப்பின் காதலி லிசா மூங்கில் திரைகளை ஒவ்வொன்றாக இறக்குகிறாள். படம் உண்மையிலேயே முடிந்த மாதிரி ஓர் அமைதி. அப்போது வெளியே ஓர் அலறல். நாயின் சொந்தக்காரி மாடிப்படியில் நின்று முற்றம் முழுவதையும் பார்த்துக் கதறுகிறாள். இந்தக் காட்சியில் கேமரா ஜெஃப்பின் ஜன்னலிலிருந்து இறங்கி முற்றத்துக்கே போகிறது. அண்டை வீட்டார் முகங்களை அருகிலிருந்து காட்டுகிறது. இதுவரை தூரத்துப் பொம்மைகளாக இருந்தவர்கள் முதல் தடவையாக மனிதர்களாகத் தெரிகிறார்கள். பிறகு மீண்டும் ஜெஃப்பின் ஜன்னல். எல்லோரும் எட்டிப் பார்க்க, ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு சிகரெட் நுனி கனிகிறது.

அந்தச் சிவப்புப் புள்ளிக்கு இவ்வளவு கனம் வருவதற்குக் காரணம், அதற்கு முன்னே ஒரு நிமிடம் நம்மை வெளியே அழைத்துப் போனதுதான். முழுப் படத்தையும் ஜன்னலிலேயே கட்டிப் போட்டிருந்தால் அது இன்னொரு ஜன்னல் ஷாட்டாகப் போயிருக்கும்.

எனவே மாடிவீடு, உங்கள் 18 நிமிடத்தில் விதியை ஒரு தடவை மீறுங்கள். இரண்டு தடவை வேண்டாம். நாயகன் தூங்கும்போதோ முதுகைத் திருப்பியிருக்கும்போதோ நமக்கு மட்டும் ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். அது அவன் சந்தேகத்துக்கு எதிராகப் பேசும் விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது.

---

குறைவெளிச்சம்

லென்ஸ் கணக்கு மட்டும் சொல்றேன். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 15 மீட்டர் தூரம்னு வெச்சுக்கோங்க. 50 மிமீ லென்ஸ்ல குறுக்கே சுமார் 10.8 மீட்டர் விழும், அதாவது ரெண்டு மூணு வீட்டு ஜன்னல் சேர்ந்து தெரியும். வெறும் கண்ணால பார்க்கிற உணர்வுக்கு இது சரி. 200 மிமீ போட்டா அகலம் 2.7 மீட்டர், உயரம் 1.8 மீட்டர், ஒரு ஆள் தலை முதல் கால் வரை ஃப்ரேமை நிரப்புவார். 400 மிமீல அகலம் 1.35 மீட்டர், மார்பளவு ஷாட். ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார்னா இந்த எண்களை 1.5-ஆல வகுத்துக்கோங்க: 135 மிமீ கிட்டத்தட்ட 200 மிமீ வேலையைச் செய்யும்.

படத்துல இந்த அளவு தானா மாறாது, கருவி மாறும்போதுதான் மாறும். முதல்ல வெறும் கண், அப்புறம் பைனாகுலர், அதுக்கப்புறம் ஜெஃப் தன் தொழில் கேமராவுல 400 மிமீ டெலி லென்ஸை மாட்டுறார். சந்தேகம் கூடக்கூட ஃப்ரேம் நெருங்குது. ஆனா ஒவ்வொரு நெருக்கத்துக்கும் அவர் கையில ஒரு காரணம் இருக்கு. உங்க நாயகன் கையில ஒண்ணும் இல்லாம திடீர்னு எதிர்வீட்டு மேஜை மேல இருக்கிற சாவியை க்ளோசப்ல காட்டினா, அந்த நொடியே ‘அவன் பார்வை’ செத்துடும். போன் கேமரா ஜூம், பழைய பைனாகுலர், எதையாவது முன்கூட்டியே கையில குடுத்துடுங்க.

200 மிமீக்கு மேல போனா நல்ல ட்ரைபாட் இல்லாம முடியாது. பழைய கட்டடத்துல யாராவது நடந்தாலே தரை அதிர்ந்து ஃப்ரேம் ஆடும். டேக் ஓடுறப்போ அறையில யாரும் நகரக் கூடாது. ஜன்னல் கண்ணாடியைத் திறந்துட்டு எடுங்க. மூடின கண்ணாடி வழியா டெலி லென்ஸ் வெச்சா ஷார்ப்னஸ் போயிடும், உங்க அறை வெளிச்சமும் அதுல பிரதிபலிக்கும்.

இரவுக் காட்சிக்கு, எதிர்வீட்டு உள் விளக்குக்கு எக்ஸ்போஷர் வைங்க, கட்டடச் சுவரை ரெண்டு ஸ்டாப் (கால்பங்கு வெளிச்சம்) கீழே விழவிடுங்க. நாயகன் பின்னாடி எந்த விளக்கும் எரியக் கூடாது. தோர்வால்ட் திரும்புறப்பவெல்லாம் ஜெஃப் நாற்காலியை நிழலுக்குள்ள தள்ளிக்கிறார், கவனிச்சிருப்பீங்க. ‘இருட்டுல இருந்தா பாதுகாப்பு’ங்கிற விதியை நமக்குச் சொல்லிக் குடுத்து வெக்கிறார். க்ளைமாக்ஸ்ல அதே இருட்டு அவருக்கு எதிராத் திரும்புது. இன்னொண்ணு: நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேம்ல எடுத்தாலும் ஷட்டரை 1/50-லயே வைங்க, இல்லன்னா மலிவான எல்ஈடி பல்பு வீட்டுக்கு வீடு வேற மாதிரி துடிக்கும்.

ஹிட்ச்காக்குக்கு இந்தத் தொல்லை இல்ல. பாரமவுன்ட் ஸ்டுடியோவுக்குள்ளயே 31 வீடுகளோட முழு முற்றத்தையும் கட்டினாங்க. உயரம் போதாம அரங்கத்தோட தரையையே எடுத்துட்டு, அதுக்குக் கீழ இருந்த அடித்தளத்தை முற்றமாக்கினாங்க. ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ் எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே விளக்கு அமைச்சு வெச்சிருந்தார். ஜெஃப் பக்கத்து அறையில இருந்தபடியே ஹிட்ச்காக் மைக்ல பேச, எதிர்வீட்டு நடிகர்கள் காதுல தோல் நிறத்துல சின்ன ரிசீவர் வெச்சுக் கேட்டாங்க. நீங்க போன் கால் போட்டு, ஒரு பக்கக் காதுல ப்ளூடூத் வெச்சா அதே வேலை நடக்கும்.

---

மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் இன்னும் தெளிவாகணும். ஒண்ணு ஒலி: எதிர்வீட்டுப் பேச்சை எவ்வளவு கேட்க விடணும்? சட்டையில குத்துற லேப்பல் மைக்ல சுத்தமா பதிவு பண்ணி வெச்சிருக்கேன், ஆனா அதைப் போட்டா தூரமே இல்லாத மாதிரி ஆகுது. இன்னொண்ணு, வில்லன் முதல் தடவையா நாயகனைத் திரும்பிப் பார்க்கிற இடம். இப்போதைக்கு வில்லன் பார்க்கிறான், நாயகன் அதிர்ச்சி, பின்னணி இசை உயருதுன்னு இருக்கு. எடுபடல.

---

தூரத்து ரேடியோ

பின்னணி இசையை அந்த இடத்துல எடுத்துடுங்க. முடிஞ்சா படம் முழுக்கவே எடுத்துடுங்க. ‘ரியர் விண்டோ’ல ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் இசை டைட்டிலுக்கு உண்டு. அதுக்கப்புறம் காதுல விழுற இசையெல்லாம் ஏதோ ஒரு வீட்டுல இருந்து வர்றதுதான்: ரேடியோ, பியானோ, பாட்டுப் பயிற்சி. எதிரே ஒரு இசையமைப்பாளர் படம் நெடுக ஒரே மெட்டைக் கட்டிக்கிட்டிருக்கார், கடைசியிலதான் அது முழுப் பாட்டா வருது. நடுவுல, தனிமையில இருக்கிற ஒரு பொண்ணு மாத்திரையைக் கையில எடுக்கிறப்போ அந்த மெட்டு காதுல விழுந்து அவளை நிறுத்துது. இசை மனநிலையைச் சொல்றதுக்காக வரல, கதைக்குள்ள ஒரு வேலையைச் செய்யுது.

தோர்வால்ட் தம்பதி சண்டை போடுறது நமக்குத் தெரியும், வார்த்தை பிடிபடாது. கொலையைக் கண்ணால பார்க்கிறதே இல்ல. இருட்டுல ஒரு அலறலும் கண்ணாடி உடையுற சத்தமும், அவ்வளவுதான். அதனால உங்க எதிர்வீட்டு வசனத்துல பத்துல ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சா போதும்.

உங்ககிட்ட இருக்கிற சுத்தமான பதிவை இப்படித் தூரமாக்கலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, 3500-4000 ஹெர்ட்ஸுக்கு மேல மெதுவா இறக்குங்க. 40 மில்லிசெகண்ட் அளவுல ஒரு சின்ன எதிரொலி, 15 மீட்டரை ஒலி கடக்க ஆகுற நேரம் கிட்டத்தட்ட அதுதான். எதிரொலி அளவை அசலைவிட 10, 12 டெசிபெல் குறைச்சு வைங்க. கூடினா கோவில் மண்டபம் மாதிரி ஆயிடும். இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு: எதிர்வீட்டு அறையில ஒரு ஸ்பீக்கரை வெச்சு அந்த வசனத்தை ஓடவிட்டு, நாயகனோட ஜன்னல்ல மைக் வெச்சுத் திரும்பப் பதிவு பண்ணுங்க. ராத்திரி 11 மணிக்கு மேல செய்ங்க, பகல்ல வண்டிச் சத்தம் விடாது. அந்த இடத்தோட காத்தும் சுவரும் தானா வந்து சேரும், எந்த ப்ளக்இன்னும் அதைத் தராது.

வசனம் இல்லாத நேரத்துக்கு அந்த முற்றத்தோட சத்தத்தை மட்டும் 3 நிமிஷம் தொடர்ச்சியா பதிவு பண்ணி எல்லாக் கட்டுக்கும் அடியில ஓடவிடுங்க. ஷாட்டுக்கு ஷாட் அமைதி மாறினா கட் காதுல கேட்கும்.

---

எடிட்மேசை

திரும்பிப் பார்க்கிற இடத்துக்கு வர்றேன். என்னைக் கேட்டா மொத்தப் படத்துலயும் அதுதான் சிறந்த கட்டுமானம், அதனால கொஞ்சம் விரிவா.

தோர்வால்டைப் போன் பண்ணி வெளியே வரவெச்சுட்டு லிசா அவன் வீட்டுக்குள்ள போயிடுறா. அதே நேரம் கீழ்வீட்டுல மாத்திரைக்காரப் பொண்ணு. ஜெஃப்பும் நர்ஸ் ஸ்டெல்லாவும் அவளைக் கவனிச்சுக்கிட்டிருக்கிறப்போ, தோர்வால்ட் நடைபாதையில திரும்பி வந்துடுறான். கட்டட அமைப்பைப் பாருங்க: நடைபாதை, கூடம், படுக்கையறை எல்லாத்துக்கும் பக்கத்து பக்கத்துல ஜன்னல். நடுவுல சுவர். லிசாவுக்குச் சுவர் மறைக்குது, நமக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. கட் பண்ணாமலே ஒரே ஃப்ரேமுக்குள்ள வில்லனும் மாட்டப்போறவளும் இருக்காங்க. வேகவேகமா வெட்டினா பதற்றம் வரும்னு நினைக்கிறவங்க இந்த ஷாட்டைப் பார்க்கணும். ஜெஃப்பால கத்த முடியாது, ஓட முடியாது. கீழ்வீட்டுப் பொண்ணுக்காக எடுத்த போன் ஏற்கெனவே கையில இருக்கு, அதுலயே போலீஸ் வந்தாகணும். திரைக்கதை ஆசிரியர் ஜான் மைக்கேல் ஹேய்ஸ் அந்தப் போனை எவ்வளவு கச்சிதமா முன்கூட்டியே கையில வெச்சிருக்கார் பாருங்க.

போலீஸ் வந்துடுது. லிசா நம்ம பக்கம் முதுகைக் காட்டி நின்னு, பின்னால கையைக் கட்டி, விரல்ல போட்டிருக்கிற செத்தவளோட கல்யாண மோதிரத்தை ஜெஃப்புக்குச் சுட்டிக் காட்டுறா. ஜெயிச்சோம்னு நாம மூச்சு விடுற அதே ஷாட்ல தோர்வால்ட் அந்த விரலைப் பார்க்கிறான். அதுக்கப்புறம் மெல்லக் கண்ணை உயர்த்தி நேரா லென்ஸைப் பார்க்கிறான்.

உங்க காட்சியில குறையுறது, வில்லன் விரலைப் பார்க்கிற அந்த நடுக் கட்டம். உங்க வில்லன் சும்மா திரும்பிப் பார்க்கிறான். தோர்வால்ட் ஒரு சங்கிலியைத் தொடர்ந்து வர்றான்: மோதிரம், விரல், அவ யாருக்குக் காட்டுறா, அதோ அந்த ஜன்னல். நாயகனோட வெற்றியே அவனைக் காட்டிக்குடுக்குது. அதுவரைக்கும் யாரும் லென்ஸை நேரா பார்க்கல, அதனாலதான் அந்தப் பார்வை நம்ம மேலயே விழுது. உங்க படத்துல வேற எந்த ஷாட்லயாவது யாராவது தற்செயலா லென்ஸைப் பார்த்திருந்தா வெட்டிடுங்க. அந்த ஒரு ஷாட்டுக்காகச் சேத்து வைங்க.

க்ளைமாக்ஸ்ல இன்னொரு திருப்பம். தோர்வால்ட் ஜெஃப்போட இருட்டு அறைக்கே வந்து நிக்கிறான். கதவிடுக்குல வெளிச்சம் அணையுது, காலடிச் சத்தம், வேற ஒண்ணும் இல்ல. ஜெஃப் கண்ணை மூடிக்கிட்டு ஃப்ளாஷ் பல்பை அடிக்கிறார், திரையில ஆரஞ்சு வட்டம் விரியுது. இப்போ நாம தோர்வால்டோட கண்ணுக்குள்ள இருக்கோம். மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுத் தடுமாறுற அவனோட கண். படம் முழுக்கப் பார்க்கிறவனோட கண் வழியா இருந்த நாம, பார்க்கப்பட்டவனோட கண்ணுக்கு மாறிடுறோம். ஆயுதமும் புதுசா வரல, தொடக்க ஷாட்லயே காட்டின புகைப்படக்காரனோட சாமான்.

---

மாடிவீடு

என் நாயகன் வீட்டுல இருந்தபடி மொபைல் ரிப்பேர் பண்றவன். அப்ப டார்ச், பூதக்கண்ணாடி, ஹெட்லேம்ப் எல்லாம் மேஜை மேலயே இருக்கும். ரீஷூட்டுக்கு ஒரு ராத்திரி கிடைக்குது. எதை முதல்ல எடுக்கிறது?

---

குறைவெளிச்சம்

முதல்ல வில்லன் லென்ஸைப் பார்க்கிற ஷாட், 200 மிமீ, பின்னாடி விளக்கு எரியுறப்போ. எதிர்வீட்டுக்காரங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க. அடுத்து நாயகனோட ரியாக்‌ஷன் க்ளோசப், ஜன்னலுக்கு ஜன்னல் கண் திசை மாத்தி, ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 செகண்ட் வெட்டாம. ஹெட்லேம்பை முதல் காட்சியிலயே அவன் தலையில மாட்டி அணைக்கிற மாதிரி ஒரு ஷாட். ஒலிப் பதிவை எல்லாரும் போனதுக்கு அப்புறம் வைங்க.

---

பழைய ரீல்

ஹெட்லேம்ப் நல்ல தேர்வு. ஆனால் முதல் காட்சியில் அதைத் தனி க்ளோசப்பில் காட்ட வேண்டாம். வேலை செய்துகொண்டே அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பட்டும். இருட்டானதும் எதிர்வீடு பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். அவன் ஏன் பார்க்க ஆரம்பித்தான் என்பதற்கும் அதே ஷாட் பதில் சொல்லிவிடும்.